செவ்வாய்க்கிழமைச் சீப்பு

இத்தனை வருஷம் என் தலையைக் கையில் வைத்திருந்த துளசிக்கு,

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். வரி நேராகத்தான் கிளம்புகிறது. தாளின் ஓரத்துக்குப் போவதற்குள் ஏரிக்கரை மாதிரி சரிந்துவிடுகிறது. ரோலிங் மில்லில் கம்பிக் கட்டு தூக்கிய விரல்கள், பேனா அதற்குள் நிற்க மாட்டேன் என்கிறது. ஒரு பக்கம் முடிவதற்குள் மணிக்கட்டு கனத்துப் போகிறது. ஆனாலும் பார், நானே எழுதுகிறேன். யாரும் கையைப் பிடிக்கவில்லை.

நீ சிரிப்பாய் என்று தெரியும். உன் சலூனில் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துப் படம் பார்த்தவன்தானே நான். இப்போது சாயந்தரம் ஆனால் பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சு, முட்டி இடிக்கிறது. மஞ்சுளா டீச்சருக்கு என் மகளைவிட வயது குறைவு. ஐயா என்று மரியாதையாகக் கூப்பிட்டுவிட்டு, சுழியை விட்டால் அதே மரியாதையோடு திட்டுவார்கள். போன மாதம் திருவள்ளூர் பஸ் ஸ்டாண்டில் நின்று ஒரு பஸ்ஸின் போர்டைப் படித்தேன். பொதட்டூர்பேட்டை. அவ்வளவு நீளப் பேரை ஒரே மூச்சில் படித்துவிட்டேன். நான் போக வேண்டியது மணவாள நகர். இருந்தாலும் அந்தப் பஸ்ஸில் ஏறிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அவ்வளவு சந்தோஷம்.

யாருக்காவது ஒரு கடிதம் எழுதி வாருங்கள் என்று டீச்சர் சொன்னார்கள். பெண்கள் எல்லோரும் கலெக்டருக்கு எழுதினார்கள், கால்வாய் வேண்டும், தெருவிளக்கு வேண்டும் என்று. நான் துளசிக்கு எழுதப் போகிறேன் என்றேன். அவர் இறந்துவிட்டாரே ஐயா என்றார்கள் டீச்சர். எனக்கு முன்னால், என்னோடு படிக்கிற எங்கள் காலனி ஏழுமலை முந்திக்கொண்டான்.

"செத்தா இன்னா டீச்சர்? கேக்க வேண்டியது கீது, கேக்கட்டும்."

இதைச் சுவரில் ஒட்டப் போகிறார்களாம். ஒட்டட்டும். நீயும் நானும் மறைத்து வைத்தது போதும்.

முதலில் தலை விஷயம். நீ போன பிறகு நான் முடி வெட்டவே இல்லை. வேறு ஒருவன் கையில் தலையைக் கொடுக்க மனம் வரவில்லை. துக்கத்துக்காக விட்டது, பிறகு அது தன் பாட்டுக்கு வளர ஆரம்பித்துவிட்டது. கீழே தொங்கவில்லை துளசி, மேலே எழும்புகிறது. ஒவ்வொரு முடியும் பேனா ஸ்பிரிங் மாதிரி தனித்தனியாகச் சுருண்டு, ஒன்றுக்குள் ஒன்று ஏறி, வெள்ளை வெளேரென்று நிற்கிறது. டீக்கடைக்குப் போனால், "இன்னா மாமே, தலையில காலிபிளவர் பயிர் வச்சிக்கினு வரே" என்கிறார்கள். நான் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் காட்டிவிட்டு டீ குடிக்கிறேன். முன்பு யாராவது என் முடியைப் பற்றிப் பேசினால் தலையில் துண்டைப் போட்டுக்கொள்வேன், உனக்குத்தான் தெரியுமே.

ரோசியின் தலையும் உனக்குத் தெரியும். என் மகளுக்கு அப்படியே என் முடி. பள்ளிக்கூடம் போகும் வயதில் அவளை உன்னிடம் கூட்டி வந்தேன். நீ தொட்டுப் பார்த்து, "இந்த முடிக்கு மொட்டதான் மச்சான் வைத்தியம், அடிச்சி அடிச்சி வுட்டா நேரா வந்துடும்" என்றாய். நானும் நம்பினேன். வேளாங்கண்ணிக்கு ஒரு மொட்டை, உன் கையால் எத்தனையோ மொட்டை. ஒவ்வொரு தடவையும் முன்னைவிட நெருக்கமாகச் சுருண்டுகொண்டுதான் வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு பார்லரில் மருந்து போட்டு, இஸ்திரிப் பெட்டி மாதிரி ஒன்றை வைத்து நேராக்கிக்கொண்டாள். போட்டோவில் அழகாகத்தான் இருந்தாள். அப்புறம் வகிட்டோரம் கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. சிப்காட்டில் அவள் வேலை செய்யும் கம்பெனியில் துணித் தொப்பி போட வேண்டும். அந்தத் தொப்பியைக் கழற்றப் பயந்து, சாப்பாட்டு நேரத்திலும் போட்டுக்கொண்டே இருந்தாள்.

ஒரு நாள் எல்லாவற்றையும் ஒட்ட வெட்டிவிட்டு வந்து நின்றாள். இனி இது எப்படி வருமோ அப்படியே வரட்டும் அப்பா என்றாள். செல்போனைத் திறந்து என்னிடம் காட்டினாள். ஆப்பிரிக்காவில் ஒரு பெண், கண்ணாடி முன் உட்கார்ந்து தலை வாருகிறாள். என் முடி துளசி. என் அம்மாவின் முடி, ரோசியின் முடி. அந்த ஊரில் தெரு முழுக்க அந்த முடிதானாம். எங்கள் ஒரு வீட்டுக்கு மட்டும் கடவுள் கை தவறிப் போட்ட சுருட்டை என்று அதுவரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் பேசிய பாஷை ஒன்றும் புரியவில்லை. கை செய்த வேலை எல்லாம் புரிந்தது.

இப்போது எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் கோயில், கறி, அப்புறம் தலை. ரோசியின் வீட்டுக்காரர் மைக்கேலுக்கு அன்றைக்கும் ஷிப்டு இருக்கும். பின்மண்டை அவளுக்குக் கண்ணில் படாது. அதனால் அந்தப் பக்கம் என்னுடையது. காய்ந்த முடியில் சீப்பே வைக்கக் கூடாதாம். முதலில் தண்ணீர் தெளித்து நன்றாக நனைக்க வேண்டும். ஆளி விதையைக் கொதிக்க வைத்து வடித்தால் முட்டை வெள்ளைக்கரு மாதிரி கொழகொழவென்று வருகிறது, அதைத் தடவ வேண்டும். நான்கு பாகமாகப் பிரித்துக் கிளிப் போட்டுவிட்டு, ஒவ்வொரு பாகமாக எடுத்து, நுனியிலிருந்து மேலே போக வேண்டும். நாம் காலம் முழுக்க உச்சியிலிருந்து கீழே இழுத்தோம், அதனால்தான் சிக்கு எல்லாம் இறங்கி முடிச்சாகி உயிர் போனது. சிக்கை விரலால் பிரித்துவிட்டு, அப்புறம்தான் சீப்பு. கடைசியில் விளக்கெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து ஒரு பூச்சு. துண்டால் துவட்டக் கூடாது, பழைய பனியன் துணியால் ஒற்ற வேண்டும். ஈரம் காய்ந்ததும் அந்த முடி எழும்பி நிற்கிறதே, அதைப் பார்க்க நீ இருந்திருக்க வேண்டும்.

அவள் தலை முடிந்ததும் என்னை உட்கார வைத்து எனக்கும் செய்தாள். முதல் தடவை கூச்சமாக இருந்தது. அவ்வளவு நேரம் யாரும் என் தலைக்குள் விரலை விட்டதே இல்லை. நீ எப்போதும் மெஷினைத்தானே வைப்பாய். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

எல்லாம் சரி, சீப்புதான் சரியாக அமையவில்லை. அகலப் பல் சீப்பு வேண்டும். பஜாரில் கிடைத்தது மட்டமான பிளாஸ்டிக், பல்லின் ஓரம் கூராக இருந்து முடியை அறுத்தது. அப்போதுதான் எனக்கு உன் சீப்பு ஞாபகம் வந்தது. துள்ளி எழுந்தேன். துளசி எனக்கென்றே ஒரு சீப்பு வைத்திருந்தான், பச்சைச் சீப்பு, மாட்டுக் கொம்பு மாதிரி வழவழவென்று இருக்கும், அவன் மகனிடம் போய்க் கேட்டு வாங்கி வருகிறேன் என்றேன்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, நீ எப்படிச் சொன்னாய் என்று? ரயில்வே கேட் பக்கத்தில் நீ கடை போட்ட புதிது. எங்கள் காலனி ஆட்களுக்கு அப்போதெல்லாம் ஊருக்குள் யாரும் முடி வெட்ட மாட்டார்கள். என் அப்பா சாகும்வரை முருங்கை மரத்தடியில், எங்களுக்குள்ளேயே ஒருவரிடம்தான் தலையைக் கொடுத்தார். மில்லுக்குப் புதிதாக வேலைக்குச் சேர்ந்த நான் உன் கடை வாசலில் நின்று தயங்கினேன். நீ என் தலையைப் பார்த்தாய், தெருவைப் பார்த்தாய். செவ்வாய்க்கிழமை வரச் சொன்னாய். செவ்வாய் சலூனுக்கு லீவு ஆயிற்றே என்றேன்.

"லீவுனாலதான் மச்சான். உன் முடிக்குப் பொறுமையா ஒக்காரணும். சாதா சீப்பு உனக்குத் தாங்காது, உனக்குனு தனியா ஒண்ணு வச்சிக்கிறேன். வெளிய மட்டும் சொல்லாத, அப்பறம் அல்லாரும் லீவு நாள்ல வந்து நின்னுக்குவானுங்க."

மச்சான் என்றாய். ஊர்க்காரன் ஒருவன் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பாதி ஷட்டர் இறக்கிய கடைக்குள் குனிந்து நுழைவேன். கீழ் டிராயரிலிருந்து கட்டம் போட்ட துணியை எடுத்துப் போர்த்துவாய், அந்தப் பச்சைச் சீப்பை எடுப்பாய். அதை வைத்து ரெண்டு இழு இழுத்துவிட்டு மெஷினைப் போட்டு ஒட்ட எடுத்துவிடுவாய். மில் தூசி காந்தத்தில் ஒட்டுகிற மாதிரி உன் தலையில் ஒட்டுகிறது என்பாய். பேசிக்கொண்டே இருப்போம். நான் ராஜா மாதிரி வெளியே வருவேன். எனக்காக ஒருவன் லீவு நாளில் கடை திறக்கிறான், எனக்கென்று தனிச் சீப்பு வைத்திருக்கிறான். அப்புறம் பஜாரில் எத்தனையோ கடைகள் வந்தன. எங்கள் பிள்ளைகள் எந்தக் கடையிலும் தாராளமாகப் போய் உட்கார்ந்தார்கள். நான் மட்டும் உன் செவ்வாய்க்கிழமையை விடவில்லை. நீ சொன்னபடி ஒருவரிடமும் சொல்லவும் இல்லை, ரோசியைத் தவிர.

சீப்பைக் கேட்கப் போவதற்கு முன்பே, அந்த வாரம் வகுப்பில் டீச்சர் எங்களை ஆளுக்கு ஒரு வார்த்தை போர்டில் எழுதச் சொன்னார்கள். நான் சீப்பு என்று எழுதினேன். ஏன் ஐயா இந்த வார்த்தை என்று கேட்டார்கள். நீதான் போய்விட்டாயே, இனிச் சொன்னால் என்ன என்று பெருமையாக எல்லாக் கதையையும் சொன்னேன். செவ்வாய்க்கிழமை, பாதி ஷட்டர், தனிச் சீப்பு. சொல்லி முடித்தபோது பின் பெஞ்சிலிருந்து ஏழுமலை மெதுவாகக் கேட்டான்.

"பச்ச சீப்பா?"

ஆமாம் என்றேன்.

"கட்டம் போட்ட துணியா? கீழ் டிராயரா?"

உனக்கு எப்படித் தெரியும் என்றேன். அவன் தன் தலையைத் தடவிக் காட்டினான். உனக்கு ஏழுமலையைத் தெரியும். அவன் முடி துடைப்பக் குச்சி மாதிரி நேர் முடி, அதிலும் முக்கால்வாசி போய்விட்டது.

"எனக்கும் செவ்வாக்கிழமதான் மாமே, மத்தியானத்துக்கு மேல. உன் மண்டையில சூடு ஜாஸ்தி, அதுக்குனு தனிச் சீப்புனாரு. வெளிய சொல்லாதன்னாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் முதலில் சிரித்தேன். அப்போது முன் பெஞ்சில் இருந்த சரோஜா, தன் வீட்டுக்காரரும் செவ்வாய்க்கிழமைதான் போவார் என்றாள். அவர் செத்துப் பல வருஷம் ஆகிறது. அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் போர்டை அழிக்கப் போனவர்கள் அழிக்காமலே நின்றுவிட்டார்கள். அங்கே நான் எழுதிய சீப்பு அப்படியே இருந்தது. எழுத்து கோணலாக இருந்தாலும் தப்பில்லாமல் எழுதியிருந்தேன்.

ஒவ்வொருவனுக்கும் ஒரு காரணம் சொல்லியிருக்கிறாய் துளசி. ஒவ்வொருவனையும் ராஜா என்று நினைக்க வைத்திருக்கிறாய். எல்லோர் வாயையும் அவரவர் பெருமையாலேயே தைத்துவிட்டாய். இவ்வளவு கெட்டிக்காரத்தனம் உனக்கு எங்கிருந்து வந்தது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டதும் நானும் ஏழுமலையும் உன் மகன் குமாரின் கடைக்குப் போனோம். உன் பழைய கடையை இடித்துவிட்டுக் கண்ணாடிக் கதவு, ஏ.சி. எல்லாம் போட்டிருக்கிறான். சோபாவில் ஊர்ப் பையன்கள் வரிசையாகக் காத்திருந்தார்கள். குமார் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டான். உன் முகம் அவனுக்கு. சீப்பைக் கேட்டேன். அவன் ஏழுமலையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், எங்களைக் கடையின் பின்பக்கம் கூட்டிப்போனான். அட்டைப் பெட்டியிலிருந்து அந்தக் கட்டம் போட்ட துணியை எடுத்தான். சீப்பு அதற்குள் சுற்றி இருந்தது.

இது எனக்கு மட்டும்தானா என்று கேட்டேன். அவன் பொய் சொல்லவில்லை.

"காலனிக்கு அல்லாருக்கும் அதான் மாமா. கட எடம் ஊர்க்காரங்களுது. ஒரே சீப்புன்னு தெரிஞ்சா அவங்க வரமாட்டாங்க, காலி பண்ணுன்னுவாங்க. உங்களுக்கு வெட்டமாட்டேன்னு சொல்லவும் அப்பாவுக்கு மனசு வரல."

உனக்கு எப்போது தெரியும் என்றேன். சின்ன வயதிலேயே தெரியும் என்றான். கீழ் டிராயரைத் தொடாதே என்பாயாம் நீ. அப்படி என்றால் உன் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. உன் பெண்சாதிக்குத் தெரிந்திருக்கிறது. பொங்கலுக்கு அவள் கையால் நான் சாப்பிட்டிருக்கிறேனே துளசி. அது எந்தத் தட்டு?

குமார் கண் கலங்கி நின்றான். அவன் பேரில் எனக்குக் கோபம் இல்லை. தலையை என்ன செய்யட்டும் மாமா என்று கேட்டான், பேச்சை மாற்றுவதற்காகத்தான். கேட்டுவிட்டுப் பழக்கத்தில் சொன்னான்:

"செவ்வாக்கிழம வாங்களேன் மாமா, நிதானமா பாக்கலாம்."

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவனுக்கே தெரிந்தது. நான் முன்பக்கம் வந்து காலியான நாற்காலியில் உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை, கடை நிறைய ஆட்கள், ஷட்டர் முழுசாகத் திறந்திருக்கிறது. வெட்ட வேண்டாம், எல்லோருக்கும் போடுகிற சீப்பால் ஒரு தடவை வாரிவிடு, போதும் என்றேன். அவன் எல்லோருக்கும் போடுகிற துணியைப் போர்த்தினான். எல்லோருக்கும் போடுகிற சீப்பை எடுத்தான். என் உச்சியில் வைத்து இழுத்தான். சீப்பு பாதியில் நின்றது. இன்னும் கொஞ்சம் இழுத்தான். டக்கென்று பல் ஒன்று ஒடிந்து என் மடியில் விழுந்தது.

சோபாவில் இருந்த பையன்கள் சிரித்தார்கள். கேலிச் சிரிப்பு இல்லை, சும்மா வந்த சிரிப்பு. ஒருவன், "தாத்தா, முடியா அது, கம்பி வேலியா" என்றான். ஏழுமலையும் சிரித்தான். நான் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாதா சீப்பு உனக்குத் தாங்காது மச்சான் என்று நீ சொன்னாயே, அது நிஜம்தான். பொய் சொல்லும்போதுகூட அதற்குள் ஒரு நிஜத்தை வைத்துச் சொல்லியிருக்கிறாய். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. முழுப் பொய்யாக இருந்திருந்தால் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன்.

பச்சைச் சீப்பை வீட்டுக்கு எடுத்து வந்தேன். ரோசியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் சீப்பை வாங்கி, பல்லைத் தடவிப் பார்த்தாள். சரியான இடைவெளி, முனை மழுங்கல், இந்த முடிக்கு இதைவிட நல்ல சீப்பு கிடைக்காது என்றாள். பிறகு ஜன்னல் மேல் வைத்துவிட்டாள்.

"நல்ல சீப்புதான்ப்பா. என் தலையில மட்டும் வேணா."

அதனால் நான் பஜார் சீப்பையே எடுத்துக்கொண்டேன். மில்லில் துரு எடுக்கிற உப்புத்தாள் வீட்டில் கொஞ்சம் கிடந்தது. வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு பல்லாக, இரண்டு பக்கமும், கூர் போகும்வரை தேய்த்தேன். இப்போது அது அறுப்பதில்லை. வெண்ணெயில் போகிற மாதிரி அவள் முடிக்குள் போய் வருகிறது. உன்னுடையது ஜன்னல் மேலேயே கிடக்கிறது. தலையில் வைக்கக் கை வரவில்லை. தூக்கிப் போடவும் மனம் வரவில்லை.

உன்னிடம் கேட்க வேண்டியதை இன்னும் கேட்கவில்லை. வேறு எவனும் எங்களைத் தொடாத காலத்தில் நீ லீவு நாளில் கடை திறந்தாய். அது இரக்கமா, பயமா? அல்லது இரண்டையும் ஒரே டிராயரில் வைத்திருந்தாயா? என் முடிக்குள் நீ விரலை விடாமல் மெஷினையே வைத்தது எதனால்? இந்த முடியை எப்படி வெட்டுவது என்று தெரியாததாலா, இல்லை வேறு எதனாலோவா? கடைசியாக எனக்கு வெட்டிய அந்தச் செவ்வாய்க்கிழமைகூடச் சொல்லியிருக்கலாமே. காலம்தான் மாறிவிட்டதே. நான் கோபித்துக்கொண்டு போயிருப்பேன், மறு மாதம் திரும்பியும் வந்திருப்பேன். நீதான் என்னை நம்பவில்லை.

ஒன்று மட்டும் நடுவில் வந்து என் கோபத்தை நிறுத்துகிறது. பெரிய ஆஸ்பத்திரியில் நீ கிடந்த கடைசி நாட்கள். குமார் மருந்து வாங்கப் போயிருந்தான். "தல அரிக்கிது மச்சான், சீவி வுடு" என்றாய். ஊருக்கே தலை வாரியவனின் தலை சிக்காகிக் கிடந்தது. ரோசி சாப்பாடு கொண்டு வந்த பையில் அவள் சீப்பு இருந்தது. எங்கள் வீட்டுச் சீப்பு. உன் தலையை என் மடியில் எடுத்து வைத்து, நோகாமல் வாரிவிட்டேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். முகம் இளகிவிட்டது. அது யார் சீப்பு என்று நீ கேட்கவில்லை துளசி.

உனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்துதான் கண்ணை மூடினாயா?

கை வலிக்கிறது. எழுத்து இன்னும் சரிந்துகொண்டே போகிறது, டீச்சர் திட்டப் போகிறார்கள். என் கோபம் தீரவில்லை, அதனால் அடுத்த வாரம் திரும்பவும் எழுதுவேன். செவ்வாய்க்கிழமை எழுத மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, எண்ணெய் பூசி, எங்கள் தெரு வாசலில் எல்லோரும் பார்க்கிற மாதிரி உட்கார்ந்து முடி காய்கிற நேரத்தில் எழுதுவேன்.

இப்படிக்கு,
நீயாகவே மச்சான் என்று கூப்பிட்ட
மாசிலாமணி